மூக்கால் படித்த படிப்பு... ஜான்சிஸ் ராபின்சனின் 50 ஆண்டுகள்!

1975 டிசம்பர் 1. லண்டனில் ஒயின் வியாபாரிகளுக்காக வந்துகொண்டிருந்த ஒரு தொழில் பத்திரிகையில், 25 வயதுப் பெண் ஒருவர் உதவி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் படித்தவர். அதற்கு முன்பு சுற்றுலா நிறுவனம் ஒன்றில் வேலை. ஒயினில் பட்டமும் கிடையாது, பரம்பரைத் தொழிலும் கிடையாது. அவர் பெயர் ஜான்சிஸ் ராபின்சன். இன்று உலகில் ஒயின் பற்றி எழுதுகிறவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். அவர் எழுத வந்து 2025 டிசம்பரோடு 50 ஆண்டுகள் நிறைந்தன.

'குடும்பப் பத்திரிகையில் ஒயினா?' என்று புருவம் உயர்த்துபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கைக்குழந்தையும் கையுமாக ஒரு பெண் எப்படி இவ்வளவு கடினமான ஒரு படிப்பைப் படித்தார், வாசனை என்கிற பிடிபடாத விஷயத்துக்கு எப்படி வார்த்தை கண்டுபிடித்தார் என்பதுதான் இந்த வார விஷயம்.

ஜான்சிஸுக்கு ஆர்வம் பிறந்தது கல்லூரிக் காலத்தில். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் சாம்போல் முசினி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே 'லேஸ் அமூரூஸ்' என்ற திராட்சைத் தோட்டம். காதல் வயப்பட்ட பெண்கள் என்று அர்த்தம். சினிமாவுக்கு வைக்கலாம் போன்ற பெயர்! அந்தத் தோட்டத்தின் 1959-ம் ஆண்டு ஒயின்தான் தன்னை இந்தப் பக்கம் திருப்பியது என்று அவர் பலமுறை எழுதியிருக்கிறார். ஆனால், 70-களின் இங்கிலாந்தில் சாப்பாடு, ஒயின் பற்றியெல்லாம் படித்த பெண் வேலை தேடுவது கொஞ்சம் விளையாட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டது. அதனால்தான் சில வருடங்கள் சுற்றிவிட்டு அந்தப் பத்திரிகைக்கு வந்தார்.

அடுத்த மைல்கல், 1984. 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' என்றொரு தேர்வு உண்டு. 1953-ல் முதன்முதலாக நடந்தபோது 21 பேர் எழுதி, 6 பேர்தான் தேறினார்கள். ஒரு பெண் தேற 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மட்டுமல்ல, ஒயின் வியாபாரத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. அது தளர்த்தப்பட்டதும் உள்ளே நுழைந்து, வியாபாரத்துக்கு வெளியிலிருந்து வந்து தேறிய முதல் ஆள் என்ற பெயரை வாங்கினார் ஜான்சிஸ்.

அந்தச் சமயத்தில் அவர் வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். கணவர் நிக் லேண்டர், லண்டன் சோஹோவில் ரெஸ்டாரன்ட் நடத்திக்கொண்டிருந்தார். ரெஸ்டாரன்ட் நடத்துகிறவர் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று ஹோட்டல் தொழிலில் இருப்பவர்களின் மனைவிகளைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் சின்னக் குழந்தை. செய்தித்தாளுக்கு எழுத வேண்டும், தொலைக்காட்சியில் ஒயின் தொடர் வேறு. இதற்கு நடுவில்தான் பரீட்சைக்குப் படித்திருக்கிறார்.

அந்தப் பரீட்சை எப்படிப்பட்டது? இன்றைய முறையைச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வு ஐந்து தாள்கள். மண், உரம், கொடி வளர்ப்பில் தொடங்கி வியாபாரம் வரை எல்லாமே கேட்பார்கள். செய்முறைத் தேர்வு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் மேஜையில் பெயர் தெரியாத 12 கிளாஸ்கள். என்ன திராட்சை, எந்த ஊர், எப்படித் தயாரித்தது, என்ன தரம் என்று காரணத்தோடு எழுத வேண்டும். நேரம் 2 மணி 15 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கிளாஸுக்கு 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் கிடைக்கும். இரண்டும் தாண்டினால் 6,000 முதல் 10,000 வார்த்தைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இத்தனை வருடங்களில் உலகம் முழுக்க இந்தப் பட்டத்தோடு இப்போது இருப்பவர்கள் 400 பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், யாரும் குடிப்பதில்லை. வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அந்தக் காலத்து வீடுகளில் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் மாதிரி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். விழுங்கினால் நாலாவது கிளாஸிலேயே பரீட்சை முடிந்துவிடும்! இது நாக்கை விடவும் மூக்கின் வேலை. மூக்கைக் காட்டிலும் கையின் வேலை. என்னதான் மோப்பம் பிடித்தாலும், அதை 11 நிமிடத்தில் எழுதத் தெரியவில்லையென்றால் மதிப்பெண் கிடையாது.

நம் நாட்டிலிருந்து இதைத் தாண்டிய முதல் ஆள் மும்பையைச் சேர்ந்த சோனல் ஹாலண்ட். 33 வயதில் நல்ல கார்ப்பரேட் வேலையை விட்டுவிட்டு ஆரம்பப் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். 2016-ல் பட்டம். இடையில் எத்தனை பேர் 'இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இது' என்று கேட்டிருப்பார்கள் என்று நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜான்சிஸுக்கு வருவோம். பட்டம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஒயின் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தார். 1994-ல் முதல் பதிப்பு, 2023-ல் ஐந்தாம் பதிப்பு. 2012-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. ஒயின் தயாரிக்கும் 1,368 திராட்சை ரகங்களுக்கு ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். ஜாதகம் என்பது சும்மா சொன்னதில்லை. டி.என்.ஏ பரிசோதனை வந்த பிறகு, எந்த ரகத்துக்கு எது அப்பா, எது அம்மா என்பது வரை தெரியவந்திருக்கிறது.

அந்த வம்சாவளியில் நம் தேனி மாவட்டத்துக்கும் ஒரு கிளை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, உலகச் சந்தையில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று சொல்லப்படும் ரகம். மஸ்கட் குடும்பத் திராட்சைகளின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாவின் வாசனையிலும் அது இருக்கிறது. இந்த வேதியியல் எதுவும் தெரியாமல், முகர்ந்து பார்த்தே 'பன்னீர்' என்று ஒரே வார்த்தையில் பொருந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வில் இதற்கு நிச்சயம் மதிப்பெண் உண்டு.

வாசனைக்கென்று தனியாக வார்த்தைகள் பல மொழிகளில் குறைவுதான். இன்னொரு பொருளைச் சொல்லித்தான் விளக்க முடியும். ஒயின் பாடங்களில் 'கூஸ்பெர்ரி வாசனை' என்று வரும். அதை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்தால் போச்சு, அது வேறு பழம். ஆனால், சிரா என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வரும் என்பார்கள். அது உவமையே அல்ல. மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை அறவே தெரியவில்லை என்பதும் வெளிவந்தது. ரசம் கொதிக்கும்போதே 'உப்பு பத்தல' என்று சொல்லும் பாட்டிகள் இருக்கும் வீட்டில், ஒன்றுமே தெரியாமல் சாப்பிட்டு எழும் தாத்தாவை இனிமேல் திட்ட வேண்டாம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்குக் காரணம் அம்மா. 2021 கொரோனா அலையில் அம்மாவுக்கு வாசனை போனது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, மூக்கு திரும்பவில்லை. சாம்பார் தீய்ந்தது தெரியாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். கேஸ் கசிந்தால் எப்படித் தெரியும் என்று எங்கள் எல்லோருக்கும் பயம். சில மாதங்கள் கழித்துக் கொஞ்சம் வந்தபோது கோணலாக வந்தது. ஃபில்டர் காபி, எரிந்த பிளாஸ்டிக் மாதிரி இருந்ததாம். காலையில் டிகாஷன் போட்டுக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார்.

டாக்டர் மருந்து எழுதவில்லை, ஒரு பயிற்சி கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள் நிதானமாக முகர வேண்டும், பல வாரங்களுக்கு விடாமல். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் வகுத்த முறை இது. முகரும்போது அந்தப் பொருளை மனதில் நினைத்துக்கொள்ளவும் சொன்னார்.

அம்மா எல்.ஐ.சி டைரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் முழுக்க 'ஒண்ணுமில்ல'. பிறகு ஒருநாள், 'கிராம்பு - பல் டாக்டர் ரூம்'. யூகலிப்டஸுக்கு நேரே, 'ஊட்டி பஸ் ஸ்டாண்ட், சின்னவளுக்கு சளி'. எலுமிச்சைக்கு, 'பாத்திரம் விளக்குற சோப்பு, பழம் இல்ல'. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மளிகைக் கணக்கைத் தவிர வேறெதுவும் எழுதாத அம்மா, நான்கு மாதத்தில் அந்த டைரியில் 60 பக்கம் நிரப்பியிருந்தார். ஜான்சிஸ் ராபின்சன் யாரென்று அவருக்குத் தெரியாது.

இப்போது காபி குடிக்கிறார். ரோஜா மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை என்கிறார். போன மாதம் கம்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்தோம். பேருந்தில் வரும் வழியெல்லாம் பையைத் திறந்து திறந்து முகர்ந்துகொண்டே வந்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது 'எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது, நாங்களும் ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறோம்.