மலைக்கு எதற்கய்யா 125 மடங்கு ஜூம்?

மலையேறப் போகிறேன், நாலு நாள் கூடாரத்தில் தங்கவேண்டும், சின்னதாக ஒரு கேமரா வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். முதலில் வந்து விழுவது மெகாபிக்சல் கணக்கு. அடுத்தது ஜூம். முப்பது மடங்கு, நாற்பது மடங்கு, எதிர் மலையில் மேயும் ஆட்டின் கண் தெரியும் என்பார்கள். எடை எவ்வளவு? பேச்சு இல்லை. நனைந்தால் என்ன ஆகும்? பேச்சு இல்லை. பிளக் பாயின்டே இல்லாத இடத்தில் மூன்றாம் நாள் இந்தப் பொட்டி உயிரோடு இருக்குமா என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைல்டு கேம்பிங் என்று பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் அதுதான். கட்டணம் வாங்கும் முகாம் மைதானம் எதுவும் இல்லாமல், மலையில் தோதான இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்கி, காலையில் தடயமே இல்லாமல் கிளம்பிப் போவது. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது (லோமண்ட் ஏரிக்கரையில் மட்டும் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பல இடங்களில் அனுமதிச்சீட்டு தேவை). உரிமை இருக்கிறது, சரி. கூடவே மழையும் இருக்கிறது. மேற்கு ஹைலேண்ட்ஸில் பல இடங்களில் வருஷத்துக்கு 3000 மி.மீ.க்கு மேல் கொட்டும். நாலு நாள் நடையில் நாலு நாளும் நனைவது அங்கே செய்தியே அல்ல.

இந்த ஊருக்கு ஜூம் ராஜாக்கள் என்ன செய்வார்கள்? நிக்கான் பி1000 என்று ஒன்று 2018-இல் வந்தது. 125 மடங்கு ஜூம். எடை 1415 கிராம். ஐயா, அந்த எடைக்கு ஓர் ஆள் தூங்கும் கூடாரமே வந்துவிடும்! சட்டைப்பையில் அடங்கும் முப்பது மடங்குக்காரர்கள் எடையில் தேவலை, ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் அதே பொடி சைஸ்தான், சுமார் 6.2 x 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சென்சாரைச் சுருக்கினால்தான் அவ்வளவு ஜூமை அந்த உடம்புக்குள் அடைக்க முடியும், அதுதான் சூட்சுமம். அதற்கு விலை வெளிச்சம். பி1000-இன் லென்ஸ் முழு ஜூமில் எஃப்/8-க்கு இறங்கிவிடுகிறது. ஹைலேண்ட்ஸில் ஜூன் மாதம் சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் மறையும். மலை அழகாக இருப்பது அந்த மங்கல் நேரத்தில். அந்த நேரத்தில் பொடி சென்சாரின் ஜூம் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வரும். இத்தனைக்கும் கூடாரமும் ஏரியும் மலையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் தேவைப்படுவது அகலக் கோணம், 24-லிருந்து 28 மி.மீ. ஜூம் வேண்டவே வேண்டாம்!

அடுத்த கட்சிக்காரர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். "போன் இருக்கும்போது கேமரா எதுக்கு?" என்பார்கள். படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2010-இல் பத்துக் கோடிக்கு மேல் ஏற்றுமதியான காம்பாக்ட் கேமரா 2023-இல் இருபது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கொன்றது போன்தான்.

ஆனால் மலையில் போன் வெறும் கேமரா இல்லையே. அதுதான் வரைபடம். அதுதான் அவசரத்துக்கு டார்ச். யாருக்காவது கணுக்கால் பிசகினால் 999 அடித்து போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழுவை அனுப்பச் சொல்ல இருக்கும் ஒரே வழியும் அதுதான். பள்ளத்தாக்கில் சிக்னலைத் தேடித் தேடியே போன் தன் பேட்டரியைத் தின்னும், குளிர் மிச்சத்தைத் தின்னும். அதன்மேல் நாளுக்கு இருநூறு படம், நாலு வீடியோ. மூன்றாம் நாள் சாயங்காலம் மூடுபனி இறங்கி, பாதை தெரியாமல் நிற்கும்போது திரையில் 6 சதவீதம் என்று வந்தால், முதல் நாள் எடுத்த அந்த நூறு மேகப் படங்களை யாரிடம் காட்டுவது? பவர் பேங்க் இருக்கிறதே என்பார்கள். அதுவும் தீரும் சரக்குதான். போதாததற்கு ஈர விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை மசியாது. கேமராவின் பட்டன் எந்த விரலுக்கும் அமுங்கும்.

ஆக, தனி கேமரா ஆடம்பரம் இல்லை. போனின் உயிரைக் காப்பாற்றி வைக்கிற சமாச்சாரம். எதை வாங்குவது? கடைக்காரர் ஒதுக்கி வைப்பதைத்தான். ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 2023-இல் வந்தது. வெறும் 12 மெகாபிக்சல், வெறும் 4 மடங்கு ஜூம். எண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் 249 கிராம், 15 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும், மைனஸ் 10 டிகிரி வரை வேலை செய்யும், பவர் பேங்கிலிருந்தே யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும், லென்ஸ் வெளியே நீளவே நீளாது. சென்சார் இதிலும் பொடிதான், மறைக்க வேண்டியதில்லை. அகலக் கோணத்தில் எஃப்/2 இருப்பதால் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. முக்கியம் என்னவென்றால், மழையில் இது பையின் தோள்பட்டியில் தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல கேமராக்கள் எல்லாம் பைக்குள் மூன்று கவருக்குள் தூங்கும். தூங்குகிற கேமரா எடுத்த படம் எத்தனை?

மழை குறைந்த மலைக்குப் போகிறவர், படம் நிஜமாகவே நன்றாக வேண்டும் என்பவர், சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலைப் பழையதாகத் தேடலாம். 2012 சரக்கு, 240 கிராம், டிஜி-7-ஐப் போல நாலு மடங்கு பரப்புள்ள சென்சார், எஃப்/1.8 லென்ஸ். ரிக்கோ ஜிஆர் III இன்னும் பெரிய சென்சார், 257 கிராம்; ஆனால் ஒரு சார்ஜுக்கு 200 படம்தான் கணக்கு, ஜூமே கிடையாது (அது நல்லதுக்குத்தான்!). இரண்டுக்கும் மழை ஆகாது. ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளும், உள்ளே போகும்போது காற்றோடு தூசியையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பழையது வாங்குகிறவர் கடையிலேயே, துளையை முடிந்தவரை சின்னதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும்.