நர்சிங் படிக்கும்போதே குழந்தை பிறந்தால்...: லீவு யாருக்கு உண்டு? யாருக்கு இல்லை?

அருப்புக்கோட்டை,

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, பருத்தி, மல்லி. பெய்யாவிட்டால் தறி வேலை, கரிமூட்டம். அதனால்தான் "பொம்பளப் புள்ளைய நர்சுக்கு படிக்க வச்சா எந்த ஊர்லயும் பொழச்சுக்கும்" என்று கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு படிப்பு. நல்ல வரன் வந்தால் அதுவரை காத்திருக்காத வீடுகளும் உண்டு. கல்யாணம் முடிந்து, படிப்பு முடியும் முன்பே கர்ப்பம் என்றால் சிக்கல் ஆரம்பம்.

ஒரே வார்டில் 3 நியாயம்

அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தர நர்சுக்கு 2 குழந்தைகள் வரை தலா 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. 2021 ஜூலை 1 முதல் இது அமலில் உள்ளது.

ஒப்பந்த நர்சுகள் ஐகோர்ட்டு வரை போக வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை இருந்தாலும் மகப்பேறு பயன் சட்டமே மேலானது என்று 2025-ல் சென்னை ஐகோர்ட்டு கூறியது.

அதே வார்டில் நிற்கும் மாணவி? 1961-ம் ஆண்டு சட்டமும், விடுப்பை 26 வாரமாக்கிய 2017-ம் ஆண்டு திருத்தமும் வேலை பார்ப்பவருக்குத்தான் பொருந்தின. மாணவி அந்த கணக்கிலேயே வரவில்லை.

டாக்டர்களுக்கு எப்படி?

மேற்படிப்பு டாக்டர்கள் நிலைமை பரவாயில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதிகளில் அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பு உண்டு. அனுமதித்த நாட்களுக்கு மேல் லீவு எடுத்தால் படிப்பு அத்தனை நாள் தள்ளிப்போகும்.

படிப்பு முடிந்து 'பாண்டு' வேலை பார்த்த ஒரு பெண் டாக்டரின் மகப்பேறு விடுப்பையும் பணிக்காலமாக சேர்க்க வேண்டும் என்று ஐகோர்ட்டு மதுரை கிளை தீர்ப்பு சொல்லி இருக்கிறது. டெல்லியில் 3 ஆண்டு ஒப்பந்த டாக்டர் ஒருவர் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தாலும் மகப்பேறு பயன் முழுவதும் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இவர்கள் எல்லாம் சம்பளமோ உதவித்தொகையோ வாங்குபவர்கள். நர்சிங் மாணவி பீஸ் கட்டுபவர். வித்தியாசம் அங்கேதான்.

80 சதவீதம் இல்லாவிட்டால்...

நர்சிங் மாணவி பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்கும் முன் செய்முறை பயிற்சியை 100 சதவீதம் முடித்தாக வேண்டும். வார்டு, ஆபரேசன் தியேட்டர், பிரசவ அறை, கிராம பயிற்சி எதையும் தட்டிக்கழிக்க முடியாது. நாளை ஊசி போடப்போகிறவர் என்பதால் இதில் தளர்வு கேட்பதும் நியாயம் இல்லை.

ஆனால் நிறுத்திய இடத்தில் இருந்து படிப்பை தொடரலாமே! கல்லூரிகள் மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவு சலுகையும் தர விதி வகுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2021 டிசம்பரிலேயே கடிதம் எழுதியது. கேரள அரசு 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு 60 நாள் அறிவித்தது.

இதில் ஒரு வேடிக்கை. கிராம பயிற்சிக்கு போகும் மாணவி, "6 மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கம்மா" என்று வீடு வீடாக சொல்கிறார். தன் பிள்ளைக்கு அதை கொடுக்க அவருக்கு நாள் இல்லை. தகுதி இருந்தால் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் ரூ.18 ஆயிரம் உதவி அவருக்கும் கிடைக்கும். தாய் என்று அரசு ஒத்துக்கொள்கிறது, வருகைப்பதிவேடு ஒத்துக்கொள்வதில்லை.

என்ன செய்யலாம்?

கர்ப்பம் உறுதியானதும் கல்லூரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்குவது முதல் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்கு போய்விட்டால் 'இடைநின்றவர்' ஆகிவிடும் அபாயம் உண்டு. திரும்பி எந்த பருவத்தில் சேர்ப்பார்கள், எந்த வார்டு பயிற்சி பாக்கி, மறுபடி பீஸ் கட்ட வேண்டுமா என்ற 3 கேள்விக்கும் முன்கூட்டியே எழுத்தில் பதில் பெறுவது நல்லது.

பயிற்சி நேரத்தை குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடன் வாங்கி படித்த பெண் பாதியில் நின்றால் நஷ்டம் அந்த வீட்டுக்கு மட்டும் அல்ல. திருச்சுழி பக்கத்து கிராமங்களுக்கு ஒரு நர்சும் குறைகிறார்.