அலை அடங்கிய இடம்தான் ஆபத்து!

"கடல்தானே சார், எங்கே இறங்கினா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்தில் தேவனாம்பட்டினம் பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களைக் கேளுங்கள். இப்படித்தான் சொல்வார்கள். இந்த நினைப்புதான் ஆளை முழுங்குகிறது!

தாழங்குடாவில் தொடங்கிக் கொள்ளிடம் முகத்துவாரம் வரை ஒரே நாளில் சுற்றிவிடலாம். அதற்குள் எத்தனை விதமான கரை!

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நீண்ட மணல் கரை. மாசி மகத்தன்று சாமிகள் வந்து தீர்த்தவாரி ஆடுகிற இடம். பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கிய வெள்ளைக்காரன், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை எனக்கே சொந்தம் என்று எல்லை போட்டான். இன்றைய மனை வியாபாரிகள் அவனிடம் பாடம் படிக்க வேண்டும்!

தாழங்குடா அப்படி அல்ல. அங்கே பெண்ணையாறு கடலில் கலக்கிறது. ஆற்று முகத்துவாரத்தை நம்பவே கூடாது. கோடையில் மணல் மேடு அடைத்துக் கிடக்கும். மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு போய்விடும். போன மாசம் முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இந்த மாசம் ஆள் மூழ்குகிற பள்ளம் இருக்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கலக்கிற இடத்திலும் இதே கதைதான். ஓதம் வற்றுகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீரோடு சேர்ந்து ஆளையும் வெளியே இழுக்கும்.

சிதம்பரத்துக்காரர்களுக்குப் பிச்சாவரம். படகுத் துறையில் மணலும் கிடையாது, அலையும் கிடையாது. சேறு, வேர், சுரபுன்னைக் காடு. 1975-ல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பெருமை, 2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்கு அலையின் வேகம் குறைந்து வந்தது. காட்டுக்கு வெளியே, கடலைப் பார்த்துக் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு சிதைந்துபோனது. பக்கத்துப் பக்கத்து இடம்தான். கரை வேறு, கதி வேறு!

சரி, சில்வர் பீச்சுக்கு வருவோம். ஜனம் அதிகம் கூடுவதும் அங்கேதான், பிணம் ஒதுங்குவதும் அங்கேதான். கரையில் மோதுகிற அலைத் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமே! தண்ணீருக்கடியில் மணல் மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்தச் சந்து வழியாக மொத்தமாகக் கடலுக்குப் பாயும். அந்த இடத்தில் மட்டும் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவன் "இங்கே அலை இல்லை" என்று தேடிப் போய் இறங்குவது அதே இடத்தில்தான்! ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது இந்தச் சந்துகள் இடம் மாறும். நேற்றுப் பார்த்தவன் இன்றைக்கும் ஏமாறுவான்.

'ஆபத்து, குளிக்காதீர்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டு அதிகாரிகள் ஆபீசுக்குத் திரும்பினால் போதாது. எது மணல் கரை, எது முகத்துவாரம், இன்றைக்கு எங்கே இழுக்கிறது என்று கரைக்குக் கரை தனித்தனியாக எழுத வேண்டும். வெள்ளம் வந்து போனதும் மாற்றி எழுத வேண்டும். அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. குப்பத்து மீனவரைக் கேட்டால் கரையில் நின்றே காட்டுவார். லீவு நாட்களில் அவர்களையே கூலி கொடுத்துக் காவலுக்கு நிறுத்தலாமே! பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் இருக்கிறது. கலந்து பேச ஒரு பஸ் டிக்கெட் செலவு, அவ்வளவுதான்.

அதுவரை வாசகர்கள் ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதே. மிதந்துகொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரு, இழுப்பு விட்டதும் திரும்பு. கரையில் நிற்பவர்கள் பதறிக் குதிக்க வேண்டாம். கயிறோ காலி பிளாஸ்டிக் கேனோ வீசுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போனான் என்று எழுதி எழுதி நமக்குக் கை மரத்துவிட்டது.

காணும் பொங்கலுக்குள் முதல் பலகை தேவனாம்பட்டினத்தில் நிற்குமா, கலெக்டர் அவர்களே?