நாடு எது? எல்லை எது?

நம் சங்க மேடைகளில் நாடு, மாநிலம், அரசு, தேசிய இனம் என்னும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்கப்பெறுகின்றன. பேச்சு விரைவில் நேரும் சொற்குழப்பம் என்று இதனை ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 'மண்ணின் மைந்தர்' என்னும் வாதம் இக்குழப்பத்தின்மேல்தான் எழுந்து நிற்கிறது. அவ்வாதம் வெல்லும் இடத்தில் முதலில் வெளியேறச் சொல்லப்படுபவர்கள், பிழைப்பை நாடிப் பெயர்ந்து வந்த நம்மைப் போன்ற குடும்பத்தினரே.

அரசு என்பது ஒரு நிலப்பரப்பின்மேல் சட்டம் இயற்றி, வரி தண்டி, நீதி வழங்கும் அமைப்பு. தேசிய இனம் என்பது தம்மை ஒரே மக்களாக உணரும் கூட்டம். எல்லையோ, ஓர் அரசின் ஆணை எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் கோடு. இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்துவது உலகில் அரிது. ஜெர்மன் மொழி ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆட்சிமொழி. சுவிட்சர்லாந்து என்னும் ஓரரசிலோ தேசிய மொழிகள் நான்கு. தமிழ், தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மட்டுமன்றி, கடல் கடந்து இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழியாக உள்ளது.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, அது ஏதோ ஒரு பேரரசின் எல்லை போல் முழங்கும் அன்பர்கள் உளர். பாயிரம் சுட்டுவது தமிழ் வழங்கும் உலகத்தை. ஒரு மன்னனின் ஆட்சிப் பரப்பையன்று. அப்பரப்பினுள் சேர சோழ பாண்டியர் மூவரும் வேளிர் பலரும் ஆண்டனர். தம்முள் ஓயாது பொருதும் வந்தனர். மொழி ஒன்று, அரசுகள் பல. 'நாடு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சோழர் கல்வெட்டுகளில் அது ஊர்கள் சில சேர்ந்த சிறு பிரிவு. அதற்கு மேலே வளநாடு, மண்டலம். இன்று நாம் அச்சொல்லின் தலையில் ஏற்றும் சுமையை அன்று அது சுமக்கவில்லை.

இனி இன்றைய எல்லைகள். பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15இல் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. பசல் அலி ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 1956 நவம்பர் 1இல் 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் அமைந்தன. கன்னியாகுமரி நம்மிடம் வந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. திருத்தணி 1960இல்தான் வந்து சேர்ந்தது. மக்கள் மொழியிலேயே ஆட்சி நடத்த இவ்வேற்பாடு பெரிதும் உதவியது. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் இது நிருவாகத்திற்காக வரையப்பட்ட கோடு. அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே அதனை மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமேயன்றி, இசைவைப் பெற வேண்டியதில்லை. 2014இல் ஒரே மொழி பேசும் மக்கள் ஆந்திரம், தெலங்கானா என இரு மாநிலத்தவராயினர். 1875இல் ஒன்றும் 1933இல் ஒன்றுமாக வெள்ளையர் வெளியிட்ட அறிவிக்கைகளுள் எது செல்லும் என்னும் வழக்கில், 2021 ஜூலையில் அசாம், மிசோரம் மாநிலக் காவலர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர், உயிர்களும் போயின. பழைய கோப்பு ஒன்றுக்காக மனிதர் மாள்வதா? கோப்புகளிடையே காலங்கழிக்கும் எழுத்தனாகிய எனக்கே அது விளங்கவில்லை.

எந்தக் கோட்டை வரைந்தாலும் சிலர் அதன் மறுபுறத்தில் நிற்பர் என்பதை 1956இல் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். ஆகவேதான் அவ்வாண்டின் ஏழாம் திருத்தத்தில் 350அ, 350ஆ என்னும் பிரிவுகளைச் சேர்த்தனர். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பது முன்னது. அவர்தம் பாதுகாப்புகளைக் கண்காணிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்பது பின்னது. இவ்விரு பிரிவுகளையும் நம் சங்க உறுப்பினருள் எத்தனை பேர் அறிவர்? பட்டிமன்றத்திற்குச் செலவிடும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இதற்குச் செலவிட்டோமா?

மறுபுறம், தனியார் வேலைகளில் மாதம் 30,000 ரூபாய் வரை ஊதியம் உள்ள இடங்களில் நூற்றுக்கு 75ஐ உள்ளூரார்க்கே ஒதுக்கி அரியானா ஒரு சட்டம் இயற்றியது. பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் அதனை 2023 நவம்பரில் செல்லாதென்று தீர்த்தது. நம்மவர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, அஞ்சிய தொழிலாளர் பலர் இரயில் ஏறினரே, அப்பொழுது நம் அவைகளில் எழுந்த குரல் யாது? "வடவர் வந்து நம் வேலையைப் பறிக்கின்றனர்" என்று, வடக்கே இருந்துகொண்டே பேசிய அன்பர்களை நான் அறிவேன். அரசுப் பணியில் நமக்கு விடுமுறைப் பயணச் சலுகைக்காகச் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு; பணிக்காலத்தில் ஒருமுறைக்கு மேல் அதனை மாற்றவொண்ணாது. அவர்கள் அக்கட்டத்தில் எழுதிய ஊரை விட்டு வந்து எத்தனை ஆண்டுகளாயின என்று கேட்டிருக்கலாம்.

இங்கே நம் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் கேட்க வழி தரும் அதே 350அ பிரிவுதான், திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளியின் ஒடியக் குழந்தைக்கும் பொருந்தும். வரும் பொதுக்குழுவில் தாய்மொழிக் கல்வி பற்றித் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் செயலாளர் கூறியுள்ளார். அதில் இரு குழந்தைகளையும் சேர்த்தே எழுத வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் எழுதுவதாயின், அதில் என் கையொப்பம் இராது.