வேலியோரத்தில் வள்ளியா, அரளியா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலியை ஒட்டி 40 அடி நீளத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. செம்மண் பூமி. அடுப்படித் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது. வள்ளிக்கிழங்குக் கொடி போடலாம் என்கிறார் என் மாமியார். செவ்வரளி வைத்தால் வேலியும் அடையும், சாமிக்குப் பூவும் ஆகும் என்கிறேன் நான். வீட்டில் நான்கு ஆடுகளும் ஒரு கறவை மாடும் இருக்கின்றன. எதை வைக்கலாம்?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் இரண்டுமே நல்ல பயிர்தான். ஆனால் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கும் ஆடு, மாடு விஷயத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அதை வைத்தே முடிவு சொல்ல வேண்டும்.

முதலில் வள்ளி. சர்க்கரைவள்ளி தரையில் படரும், மரவள்ளி குச்சியாக வளரும். உங்கள் மாமியார் சொல்வது மரத்திலும் பந்தலிலும் ஏறுகிற பெருவள்ளியாக இருக்கும். சில ஊர்களில் காவள்ளி என்பார்கள். தண்டு நான்கு பட்டையாக, ஓரத்தில் இறகு வைத்ததுபோல இருக்கும். இலை இதய வடிவில் இருக்கும்.

குழிக்குக் குழி 3 அடி இடைவெளி விட்டால் 40 அடியில் 13 குழிகள் வரும். குழிக்கு 250 கிராம் எடையுள்ள ஒரு துண்டு என்று கணக்கிட்டால், மூன்றேகால் கிலோ விதைக்கிழங்கு போதும். நன்றாகப் பராமரித்தால் ஒரு குழியில் 2 கிலோ எதிர்பார்க்கலாம். மொத்தம் 25 கிலோவுக்குக் குறையாமல் வீட்டுக்குக் கிழங்கு கிடைக்கும். பங்குனி, சித்திரையில் நட்டால் தை மாதம் தோண்டலாம். பொங்கலுக்குக் கடையில் கிழங்கு வாங்க வேண்டியதில்லை.

நடும் முறை இதுதான். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மேல் மண்ணுடன் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை மக்கிய தொழுவுரம் கலந்து முக்கால் பங்கு நிரப்புங்கள். விதைக்கிழங்கை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்க வேண்டும். வெட்டிய துண்டுகளைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி நடுங்கள். மேலே மண் மூடி, காய்ந்த சருகால் மூடாக்கு போடுங்கள். முளைத்ததும் கயிறு கட்டிக் கொடியை ஏற்றிவிட வேண்டும். கொடி தரையில் கிடந்தால் கிழங்கு சிறுத்துவிடும். ஒரு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு தடவை களை எடுத்து மண் அணைத்தால் போதும்.

அடுப்படித் தண்ணீரைக் குழியில் தேங்க விடாதீர்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். சிறு வாய்க்கால் இழுத்து, குழிக்கு ஓர் அடி தள்ளி ஓட விடுங்கள். சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழுந்து கொடி கருகினால், அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். நோய் கண்ட கொடியின் கிழங்கை மறு வருடம் விதைக்கு எடுக்கக் கூடாது.

அடுத்து அரளி. வறட்சியைத் தாங்குவதில் அரளிக்கு இணையான பூச்செடிகள் குறைவு. நெடுஞ்சாலைகளின் நடுவில் அதை நட்டு வைத்திருப்பது அதனால்தான். சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் மொட்டுப் பறித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. மழைக்காலத்தில் ஒரு சாண் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். சந்தைக்கு அனுப்ப 40 அடி வேலி போதாது. வீட்டுச் சாமிக்குத் தினமும் பூ கிடைக்கும்.

ஆனால் அரளியின் இலை, பட்டை, வேர், பூ எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் கெடுக்கும் விஷம் அது. ஆடு மாடு பச்சை அரளியை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை நம்பித்தான் பலர் வேலியில் வைக்கிறார்கள். ஆபத்து கவாத்து செய்த பிறகு வருகிறது. வெட்டிப் போட்ட கிளை வாடினால் கசப்பு தெரியாமல் கால்நடை தின்றுவிடும். காய்ந்த இலையிலும் விஷம் அப்படியே இருக்கும். தீவனம் குறைந்த கோடையில், பசியோடு இருக்கும் ஆட்டுக்குக் கொஞ்சம் இலை போதும், உயிர் போய்விடும். புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால் அரளியைக் கவாத்து செய்யாமலும் இருக்க முடியாது. அந்தக் கழிவை அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. புகையும் கெடுதல்.

எனவே என் யோசனை: பின்பக்க வேலியில் வள்ளியையே போடுங்கள். கொடி ஏற வேலியோரம் கிளைரிசிடியா அல்லது முருங்கைப் போத்து நடுங்கள். வேலி அடைபடும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும். பூவுக்குச் செம்பருத்தி இரண்டு செடி வையுங்கள். அதன் இலையை ஆடு தின்றாலும் பயமில்லை. அரளிதான் வேண்டும் என்றால் வாசலில், கால்நடை எட்டாத இடத்தில் ஒன்றிரண்டு போதும். வெட்டிய கழிவை அன்றைக்கே ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அரளிக் குச்சியை வள்ளிக் கொடிக்கு ஊன்றாதீர்கள். அரளிச் சருகை மூடாக்காகவும் போடாதீர்கள்.

ஆடு அரளி தின்றது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது 1962 எண்ணுக்கு அழையுங்கள். குழந்தைகள் வாயில் வைத்துவிட்டால் 108.

கேள்வி: எங்கள் தோட்ட வேலியில் தானாக ஒரு கொடி முளைத்துச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறது. அடியில் கிழங்கு இருக்கிறது. வள்ளி போலச் சமைக்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: கூடவே கூடாது. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்காக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே விதைக்காக அதைப் பயிர் செய்கிறார்கள். மருந்துக்கு வாங்கப்படும் அந்த விதையிலும் கிழங்கிலும் கோல்கிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. வேக வைத்தாலும் போகாது. வள்ளி என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதிக் கிழங்கையும் கையோடு கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

அடையாளம் எளிது. செங்காந்தள் இலை நீண்டு, நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும். பெருவள்ளி இலையில் அந்தச் சுருள் இருக்காது, தண்டே சுற்றி ஏறும். செங்காந்தள் கிழங்கு கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் வந்தது. ஆனால் கொடி காய்ந்த பிறகு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. வள்ளி போட்டவர்கள் குழிக்குக் குழி ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நாம் நட்ட குழியில் தோண்டிய கிழங்கை மட்டும் சமையுங்கள். தானாக முளைத்ததைத் தொட வேண்டாம்.

வள்ளியையும் வேக வைத்தே சாப்பிட வேண்டும். பச்சையாகத் தோல் சீவினால் கை அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது தோலோடு அவித்து உரியுங்கள்.

எந்தக் கிழங்கிலாவது சந்தேகம் இருந்தால், இலை, தண்டு, கிழங்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். தொலைபேசியில் கேட்க உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551.