கேமரன் பாய்ஸ் முடிவும் காக்காய் வலிப்பும்

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் தோழர் கேமரன் பாய்ஸ் 2019-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தமது வீட்டில் தூக்கத்திலேயே முடிவெய்தினார். அப்போது அவருக்கு வயது 20. இத்தனை வருஷம் கழித்து, கண்காணாத தேசத்து நடிகர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நடிகர்களைக் கடவுளாக்கிப் படத்துக்குப் பால் ஊற்றுகிற கூட்டம் நம் நாட்டில் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறபடியால், அந்த வேலைக்கு நாம் ஒத்தாசை செய்ய வேண்டிய அவசியமில்லை. அவருடைய சாவிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதியை நம் மக்களில் பெரும்பாலோர் இன்னும் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள் என்பதே இதை எழுதக் காரணம்.

கேமரன் 1999-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி அதே நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் கறுப்பர், தாயார் யூதர். தகப்பனாரைப் பெற்ற பாட்டியாரான ஜோ ஆன் ஆலன் பாய்ஸ் என்பவருடைய கதையை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டென்னஸி மாகாணத்தில் கிளிண்டன் என்கிற சிற்றூரில் ஒரு உயர்தரப் பள்ளிக்கூடம் இருந்தது. அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மாத்திரம். அதே ஊர்க் கறுப்புப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, சுமார் 20 மைல் தூரத்திலுள்ள நாக்ஸ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் படிக்க வேண்டும். கோர்ட்டு உத்தரவின் பேரில் 1956-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதன்முதலாக 12 கறுப்புப் பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்த ஜோ ஆன்; அப்போது வயது 14. உடனே கூட்டம் கூடிற்று. வசவு, மிரட்டல், அடிதடி எல்லாம் நடந்து, கடைசியில் ராணுவ டாங்கிகள் அந்தச் சிற்றூருக்குள் வரவேண்டியதாயிற்று. ஜோ ஆனின் குடும்பம் அந்த வருஷக் கடைசியிலேயே ஊரை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1958-ல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே வெடி வைத்துவிட்டார்கள். இவ்வளவும் 12 பிள்ளைகள் படிக்க வந்த குற்றத்துக்காக! நம் நாட்டில் குளத்துக்கும் தெருவுக்கும் கோவில் வாசலுக்கும் நடந்த சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அந்தப் பெண் பிற்காலத்தில் குழந்தைகள் வைத்தியத்தில் நர்ஸாக வேலை பார்த்தார். பேரன் பெரியவனாகி, பாட்டியோடு சேர்ந்து டிஸ்னி கம்பெனியின் தொலைக்காட்சியில் இந்தச் சரித்திரத்தை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். பேர் வாங்கிய நடிகர் தமது பேரை இதற்கு உபயோகித்தார் என்பதை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு பிள்ளையிலேயே நடனம் பழகினவர். 2008-ல் சினிமாவில் தலைகாட்டினார். 2011 முதல் 2015 வரை 'ஜெஸ்ஸி' என்கிற தொடரில் லூக் என்னும் குறும்புக்காரப் பையனாக வந்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். பிறகு 2015-ல் 'டிசெண்டன்ட்ஸ்' என்கிற படம் வந்தது. இதன் கதை நமக்கு ஒருவகையில் பிடித்தமானது. பழைய கதைகளில் வருகிற துஷ்டர்களை எல்லாம் ஒரு தீவில் அடைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிறந்த குற்றத்துக்காக அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே கிடக்க வேண்டும். பிறகு அந்தப் பிள்ளைகளில் நால்வரை நல்லவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கிறார்கள். கேமரன் நடித்த கார்லோஸ் என்பவன் அந்த நால்வரில் ஒருவன். நாய் மனிதனைக் கடித்துத் தின்னும் என்று தாய் சொல்லி வளர்த்ததால் நாயைக் கண்டால் ஓடுகிறவன். ஒரு நாயைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான், அம்மா சொன்னது பொய் என்பது அவனுக்கு விளங்குகிறது. நம் வீடுகளில் பேயைப் பற்றித் தாய்மார் சொல்லி வளர்ப்பதும் இப்படிப்பட்டதே.

நிற்க. ஆப்பிரிக்காவில் ஸ்வாஸிலாந்து என்று முன்பு பேர் வழங்கிய நாட்டில் குடிதண்ணீர்க் கிணறு வெட்டுவதற்காக அவர் 30,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். 20 வயதுக்குள் இவ்வளவு. மூன்றாவது 'டிசெண்டன்ட்ஸ்' படம் 2019 ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி வெளியாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் இறந்ததும் வழக்கம்போல, ஆண்டவனுக்கு நல்லவர்கள் மேல் ஆசை அதிகம், ஆகையால் சீக்கிரம் அழைத்துக்கொண்டார் என்கிற பேச்சுக் கிளம்பிற்று. 20 வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் கொண்டுபோகிற ஆண்டவனைப் பற்றி இதைவிட மோசமாக நாஸ்திகன்கூடப் பேசமாட்டான். பெற்றவர்களோ அந்தப் பேச்சில் ஒளிந்துகொள்ளவில்லை. பிள்ளைக்குக் காக்காய் வலிப்பு இருந்தது என்பதைச் சில நாட்களுக்குள் பகிரங்கமாகச் சொன்னார்கள். ஜூலை 30-ந் தேதி மரண விசாரணை அதிகாரியும் அதையே காரணமாக அறிவித்தார். தங்களுக்குத் தெரிந்து பிள்ளைக்கு ஐந்து தடவைதான் வலிப்புக் கண்டது, எல்லாம் தூக்கத்தில்தான் என்று பெற்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். வைத்தியத்தில் இதற்குச் 'சூடெப்' என்று பேர். அதாவது வலிப்பு நோயாளிக்கு எதிர்பாராமல் நேரும் திடீர்ச் சாவு. இந்த நோயுள்ள பெரியவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு இது நேருகிறது. பெரிய வலிப்புக்குப் பின் மூளை சோர்ந்து, மூச்சும் இருதயமும் தடுமாறி நின்றுவிடுகின்றன என்று கருதுகிறார்கள். பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கும், இரவில் வருகிறவர்களுக்கும் அபாயம் அதிகம். ஆகையால் வலிப்பை மருந்தால் அடக்குவதே முதல் காப்பு. பெற்றோர் மகன் பேரால் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, இந்த நோயைப் பற்றிய அறிவைப் பரப்பவும் ஆராய்ச்சி நடக்கவும் பாடுபடுகிறார்கள். சிலை வைத்து மாலை போடுவதைவிட இது எவ்வளவு மேலான ஞாபகச் சின்னம்!

இனி நம் யோக்கியதையைப் பார்ப்போம். சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் ஹிப்போகிரட்டீஸ் பேரால் வழங்கும் நூல் ஒன்று, இந்த நோயில் தெய்வீகம் ஒன்றுமில்லை, இது மூளையில் உண்டாகிறது, தெய்வத்தின் பேரைச் சொல்லுகிறவர்கள் தங்கள் அறியாமையை மூடிக்கொள்ளவே சொல்லுகிறார்கள் என்று எழுதிவிட்டது. நாமோ இதற்கு முயலகன் என்று பேர் வைத்து, அந்த முயலகனை நடராஜர் காலின் கீழ் படுக்க வைத்துக் கும்பிட்டு வருகிறோம். கொல்லி மழவன் மகளுக்கு இருந்த முயலகனைத் திருஞான சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. அப்படியானால் அந்தப் பதிகத்தைத் தினம் பாடுகிற ஓதுவார்கள் இருக்க, ஆஸ்பத்திரிகளில் நரம்பு வைத்தியத்துக்கென்று தனிப் பிரிவு எதற்கு என்று சைவ அன்பர்களைக் கேட்கின்றோம்.

தெருவில் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தால் நம்மவர் செய்வது என்ன? சாவிக் கொத்தைக் கையில் திணிப்பதுதானே! வலிப்பு தானாகவே சில நிமிஷத்தில் நிற்கும்; பேர் மாத்திரம் சாவிக்குப் போகும். செய்ய வேண்டியது வேறு. பக்கத்திலுள்ள கல், கட்டையை அகற்றி, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கவோ, தண்ணீர் ஊற்றவோ கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் மாத்திரம் இதில் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் வலிப்பு நோயாளி கலியாணம் செய்துகொள்ளக் கூடாது என்றிருந்த சட்டம் 1970-ல்தான் போயிற்று. அமெரிக்காவிலும் அந்தச் சமயம் வரையில் ஓட்டலிலும் நாடகக் கொட்டகையிலும் இவர்களை உள்ளே விடாமல் தடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது. நம் இந்து விவாகச் சட்டத்தில் பைத்தியத்தோடு வலிப்பையும் ஒன்றாகச் சேர்த்து எழுதி வைத்திருந்ததை 1999-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் கலியாணத் தரகர் வாயிலிருந்து அதை எடுத்தவர் யாரும் இல்லை.

இதனால் நடப்பது என்னவென்றால், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெற்றோர் மறைத்துக் கலியாணம் செய்கிறார்கள். புருஷன் வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதைப்போல வலிப்பைக் கூப்பிடுகிற காரியம் வேறில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரையில் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அப்படி வாழக்கூடிய ஒரு பெண்ணை மானத்தின் பேரால் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள், ராத்திரியில் வலிப்பு வந்தால் பக்கத்திலிருந்து திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்த மாப்பிள்ளையா என்று பார்க்கிறார்களா? பெண் வீட்டார் நோயின் பேரை முதல் பேச்சிலேயே சொல்லிவிடட்டும். அதைக் கேட்டு எழுந்து போகிற மாப்பிள்ளை போகட்டும். மாத்திரைச் சீசா புருஷன் வீட்டு அலமாரியில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.