கோட்டையில் இருக்கும் நாற்காலி யாருடையது?

அதியமான்கோட்டை கூட்டுரோட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிற பஸ்ஸை எதிர்பார்த்து, துணிமூட்டையும் தூக்குச்சட்டியுமாக ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், சேலம் வழியாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் போகிறவர்கள் நிற்கிறார்கள். மானாவாரிக் காடு காய்ந்தால் இந்தக் கூட்டம் பெருகும். மழை பெய்தால் கொஞ்சம் குறையும். தேர்தல் வந்தால், ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜையும் கைக்காசில் கொடுத்து ஊருக்கு வந்து, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் இவர்கள்தான்.

அந்த ஓட்டு எங்கே போய்ச் சேருகிறது? நம் ஊர்ப் பெயரிலும் ஒரு கோட்டை இருக்கிறது. ஓட்டுப் போய்ச் சேருகிற இடமும் கோட்டைதான். சென்னை ஜார்ஜ் கோட்டை. அங்கே 234 நாற்காலிகள். தர்மபுரி ஜில்லாவுக்கு அவற்றில் ஐந்து: பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். இந்த ஐந்தில் கடைசி இரண்டும் 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, 612 நாட்கள் காலியாகக் கிடந்தன.

அங்கத்தினர்கள் செத்துப்போனார்களா? இல்லை. ராஜினாமா செய்தார்களா? அதுவும் இல்லை. தொகுதி மக்கள் அவர்களை வேண்டாமென்று தள்ளினார்களா? மக்களை யாரும் கேட்கவே இல்லை. சபாநாயகர் ஒரு கையெழுத்துப் போட்டார். இரண்டு தொகுதிகளின் வாய் அடைபட்டது.

நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஜெயலலிதா 2016 டிசம்பரில் காலமான பிறகு, ஆளும் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. 2017 பிப்ரவரியில் அங்கத்தினர்களைக் கூவத்தூர் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து நேராகச் சட்டசபைக்கு வந்து, பிப்ரவரி 18ஆம் தேதி, எடப்பாடி பழனிசாமி மந்திரிசபைக்கு 122 பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 11 பேர், பன்னீர்செல்வம் கோஷ்டி. தி.மு.க. அங்கத்தினர்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

ஆகஸ்டு 21ஆம் தேதி இரண்டு கோஷ்டிகளும் சமாதானமாயின. பன்னீர்செல்வம் துணை முதன் மந்திரியானார். மறுநாளே தினகரன் கோஷ்டியைச் சேர்ந்த அங்கத்தினர்கள் கவர்னரிடம் போய், முதன் மந்திரியின் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். பிறகு புதுச்சேரி விடுதி, அப்புறம் குடகு மலை விடுதி. செப்டம்பர் 18ஆம் தேதி சபாநாயகர் தனபால் அவர்களில் 18 பேரின் பதவியைப் பறித்தார். கவர்னருக்குக் கடிதம் கொடுத்ததே கட்சியைத் தாமாக விட்டுவிலகியதற்குச் சமம் என்பது அவர் சொன்ன காரணம். பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அந்தப் பதினெட்டில் சேர்ந்தவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 234 பேர் கொண்ட சபையில் மெஜாரிட்டிக்கு 118 பேர் வேண்டும். 18 பேரைக் கழித்து, காலியாக இருந்த ராதாகிருஷ்ணன் நகரையும் கழித்தால் மீதி 215. அதற்கு 108 போதும். ஓட்டெடுப்பு நடத்தாமலே மெஜாரிட்டி உண்டாக்கிவிட்டார்கள்! தலையைக் கூட்ட முடியாதபோது, தொகையைக் குறைத்துவிடுவது.

சட்டப்படி நடந்தது என்பார்கள். சரி, சட்டப்படியே கேட்போம். கொறடாவின் உத்தரவை மீறி, சபைக்குள்ளேயே, சர்க்காரை எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் என்ன ஆனார்கள்? அந்தச் சபையின் ஆயுள் 2021இல் முடிகிறவரை அவர்களில் ஒருவரின் பதவியும் போகவில்லை. சபைக்கு வெளியே கடிதம் கொடுத்த 18 பேருக்கு நாலு வாரத்தில் தீர்ப்பு. சபைக்குள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு மந்திரிப் பதவி. சட்டம் ஒன்று, சபாநாயகர் ஒருவர், முடிவு மட்டும் இரண்டு.

அந்தப் பதினெட்டுப் பேருக்காக நாம் கண்ணீர் விடவில்லை. கூவத்தூரில் அடைபட்டுக் கிடந்து ஓட்டுப் போட்டவர்களில் அவர்களும் உண்டு. குடகு மலையில் அவர்கள் கூடிப் பேசியது கூலி உயர்வைப் பற்றியும் அல்ல. நம்முடைய கேள்வி அவர்களை அனுப்பிவைத்த மக்களைப் பற்றியது. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

ஒரு தொகுதிக்கு அங்கத்தினர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 2018 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறோம். சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டுவழிச் சாலை. 277 கிலோமீட்டர், சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாக்களின் கிணற்றுப் பாசன நிலங்களிலும் தென்னந்தோப்புகளிலும் சர்வேக் கல் இறங்கியது. போலீஸ் காவலோடு அளந்தார்கள். குழந்தை குட்டிகளோடு வயலில் உட்கார்ந்து அழுதவர்கள், மறித்தவர்கள், கைதானவர்கள் உண்டு. நிலம் உள்ளவனுக்கு நஷ்டஈடு என்று ஒரு தொகையாவது சொன்னார்கள். அந்த நிலத்தில் களையெடுத்து, கரும்பு வெட்டிப் பிழைத்த கூலி ஆளுக்கு என்ன? அவன் பெயர் எந்தப் பட்டாவிலும் கிடையாது. ஆகவே எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் கிடையாது.

அதே வாரங்களில் ஜார்ஜ் கோட்டையில் சட்டசபை நடந்துகொண்டிருந்தது. சாலை வேண்டும் என்று முதன் மந்திரி அங்கே பேசினார். எழுந்து நின்று, "எங்கள் கிணற்றை மூடாதே" என்று சொல்ல வேண்டிய இரண்டு நாற்காலிகளும் காலி! ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வழக்கு நடக்கிறது என்று தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் 2018 ஜூன் 14ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25ஆம் தேதி பதவிப் பறிப்பு செல்லும் என்றார். அதற்குப் பிறகும் 2019 ஏப்ரல் 18 வரை ஓட்டுப்பெட்டி வரவில்லை. சர்வேக் கல் மட்டும் ஒரு நாளும் தாமதமாகவில்லை.

இடைத்தேர்தலில் 22 தொகுதிகளில் 13ஐ தி.மு.க. பிடித்தது, 9ஐ ஆளும் கட்சி பிடித்தது, அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அந்த ஒன்பதில் சேர்ந்தன. மந்திரிசபை தப்பியது. அந்தத் தேர்தல் நடப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்னால், ஏப்ரல் 8ஆம் தேதி, நிலம் எடுக்கும் அறிவிப்பை ஹைகோர்ட்டு ரத்து செய்திருந்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அறிவிப்பு செல்லும் என்று மாற்றியது. விவசாயி கோர்ட்டுப் படி ஏறியதெல்லாம், சபைக்குள் அவன் குரல் எழும்ப வழியில்லாமல் போனதன் பின்தான்.

நாற்காலி நிரம்பியிருந்தாலும் இதே கதை நடக்கும் என்பதற்கும் இந்த ஜில்லாவே சாட்சி. 1991 தேர்தலில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 234க்கு 225 ஸ்தானங்களைப் பிடித்தது. எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள விரல்விட்டு எண்ணும் அளவுகூட ஆள் இல்லாத சபை. மறுவருஷம், 1992 ஜூன் 20ஆம் தேதி, அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் புகுந்து மலைவாழ் மக்களைச் சூறையாடியது. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். அந்தப் பிரமாண்டமான மெஜாரிட்டியால் உண்மை வெளிவரவில்லை. தோழர் நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதி, வழக்கு ஹைகோர்ட்டுக்கு வந்து, 1995இல் சி.பி.ஐ. விசாரணை பிறந்து, 2011 செப்டம்பர் 29ஆம் தேதி 269 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 19 வருஷம்! ஒரே கட்சி சபையை நிறைத்துவிட்டால் சர்க்கார் உறுதியாக இருக்கும் என்பவர்கள், யாருக்கு உறுதி என்று வாச்சாத்தியில் போய்க் கேட்கட்டும்.

கட்சிக் கட்டுப்பாடே கூடாது என்கிறோமா? இல்லை. கட்டுப்பாடு இல்லாத அங்கத்தினன் சந்தையில் நிற்கிற மாடு. விலை கொடுப்பவன் ஓட்டிக்கொண்டு போவான். 1967இல் ஹரியானாவில் ஒரு அங்கத்தினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறிய கதையைத் தேசமே கேட்டுச் சிரித்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது இப்படிப்பட்ட கூத்துகளால்தான். கம்யூனிஸ்டு அங்கத்தினர்களும் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்களே. ஆனால் எதற்குக் கட்டுப்படுவது? மக்களிடம் சொல்லி ஓட்டு வாங்கிய வேலைத்திட்டத்துக்கா, நேற்று ராத்திரி விடுதி அறையில் தலைவர் எடுத்த முடிவுக்கா? முன்னதற்குக் கட்டுப்படாதவன் துரோகி. பின்னதற்குக் கட்டுப்படாதவனையும் அதே துரோகி என்கிறது இந்தச் சட்டம். இன்னொரு வேடிக்கை: ஒருவன் தனியாகத் தாவினால் குற்றம், கட்சியில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து தாவினால் அதற்குப் பெயர் இணைப்பு, தண்டனை கிடையாது. சில்லறை வியாபாரத்துக்குத் தடை, மொத்த வியாபாரத்துக்கு லைசென்சு!

சபையின் வாசலைத் திருப்பி வைக்கிற இந்த வித்தை புதிதல்ல. 1952இல் சென்னை ராஜ்யத்தின் முதல் பொதுத் தேர்தலில் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. காங்கிரசுக்கு மெஜாரிட்டி இல்லை. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய முன்னணி கட்டி, ஆட்சி அமைக்க உரிமை கேட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, ஏப்ரல் 10ஆம் தேதி முதன் மந்திரியாக்கினார். ஆறு அங்கத்தினர்கள் கொண்ட காமன்வீல் கட்சியின் தலைவருக்கு மந்திரிப் பதவி, தொகை கூடிற்று. சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்த தோழர் பி. ராமமூர்த்தி, அந்த நியமனத்தை எதிர்த்து ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார், தள்ளுபடியாயிற்று. ராஜாஜிக்குப் பின் வந்த காமராஜர் 1954இல் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்று ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்களிடம் போக அவர் அஞ்சவில்லை.

அந்த மேல்சபை என்பது யாருடைய சபை? மூன்றில் ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனங்கள் தேர்ந்தெடுக்கும். மூன்றில் ஒரு பங்கைச் சட்டசபை அங்கத்தினர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள். இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள். ஆறில் ஒரு பங்கு கவர்னரின் நியமனம். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்குக்கூட அந்த ஓட்டுக் கிடையாது என்றால், மில் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் எங்கே இருக்கப்போகிறது? 1986 நவம்பர் 1ஆம் தேதி அது ஒழிந்தது. ஒழித்தவர்கள் கொள்கைக்காக ஒழிக்கவில்லை, ஒரு நியமனத் தகராறில் ஒழித்தார்கள் என்பது வேறு விஷயம். 2010இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியது. 2011இல் ஆட்சி மாறியதும் நின்றுபோயிற்று. திரும்ப வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்தால், தோற்றுப்போன பிரமுகர்களுக்கு இடம் தேடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கவர்னரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1959 ஜூலை 31ஆம் தேதி கேரளத்தில் தோழர் நம்பூதிரிபாடு மந்திரிசபை கலைக்கப்பட்டது. நம் ராஜ்யத்தில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை. மெஜாரிட்டி இருக்கிறதா என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும், கவர்னர் மாளிகையில் அல்ல என்று 1994 பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகு அந்தக் கத்தி கொஞ்சம் மழுங்கியது. சபையின் எண்ணிக்கையையே சபாநாயகர் மாற்றிவிடலாம் என்றால், அந்தத் தீர்ப்பின் பலன் யாருக்கு?

சபாநாயகர் ஒரு கட்சியின் அங்கத்தினர். அந்தக் கட்சியின் மெஜாரிட்டியால் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தவர். அந்த மெஜாரிட்டியையே பற்றிய வழக்கில் அவரை நீதிபதியாக்குவது என்ன நியாயம்? மணிப்பூரில் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்து, பி.ஜே.பி. மந்திரிசபையில் போய் உட்கார்ந்தவரின் வழக்கைச் சபாநாயகர் வருஷக் கணக்கில் தூங்கவைத்தார். 2020 ஜனவரி 21ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துச் சுயேச்சையான டிரிபியூனலிடம் கொடுப்பதைப் பார்லிமெண்டு யோசிக்க வேண்டும் என்றது. 2025 ஜூலை 31ஆம் தேதி தெலுங்கானா வழக்கிலும் பார்லிமெண்டைப் பார்த்துத் திரும்ப முறையிட வேண்டி வந்தது. சபாநாயகர் பக்கம் இருக்கிறவரை எந்த ஆளும் கட்சிக்கும் இது அவசரமாகத் தோன்றாது.

ஆகவே அவசரப்படுத்த வேண்டியவர்கள் நாம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வேட்பாளர் அதியமான்கோட்டை கூட்டுரோட்டில் ஜீப்பை நிறுத்துவார். சால்வையும் மாலையும் முடிந்து அவர் மைக்கைப் பிடிக்கிற சமயத்தில் அவரை நிறுத்திக் கேளுங்கள்: பதவிப் பறிப்பு வழக்கைச் சபாநாயகர் கையிலிருந்து எடுக்க நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா? வழக்கு நடந்தாலும் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று சட்டம் திருத்தச் சொல்வீர்களா? எங்கள் நிலத்தில் கல் நடும்போது உங்கள் கட்சித் தலைவர் வாய் மூடு என்றால், என்ன செய்வீர்கள்? பதிலை நாலு பேர் முன்னால், மைக்கிலேயே சொல்லச் சொல்லுங்கள்.